இலவச வைத்தியத்தின் விலை

தர்ம வைத்தியம் என்றால் ஏழைக்குச் செலவில்லாத வைத்தியம் என்று பொருள் கொள்வது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. இந்தப் பொருளில் ஒரு பிழை இருக்கிறது. அந்தப் பிழையின் பயனாக, எளிதில் தீர்க்கக்கூடிய குருட்டுத்தன்மையுடன் கரிசல் காட்டு ஏழைகள் பலர் இன்றும் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார்கள். வைத்தியருக்குக் கொடுக்க வேண்டிய பணம் ஒன்று. வைத்தியரிடம் போய்ச் சேருவதற்கு ஆகும் பணம் மற்றொன்று. முதலாவதை ஒழிக்க இந்நாட்டில் அரிய முயற்சி நடந்து, பெருமளவு வெற்றியும் கிட்டியிருக்கிறது. இரண்டாவதைப் பற்றி யாரும் போதிய அளவு கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

பசுவந்தனையைச் சுற்றியுள்ள சிற்றூர் ஒன்றில் வாழும் அறுபத்தைந்து வயது மூதாட்டி ஒருத்தியை வாசகர்கள் மனத்தில் வைத்துக்கொள்வார்களாக. குறிப்பிட்ட ஒருவரை நாம் சொல்லவில்லை. இவளைப் போன்ற ஒருவர் இல்லாத ஊர் அந்தப் பக்கத்தில் இராது என்பதனால் சொல்லுகிறோம். கணவன் இல்லை. மகன் திருப்பூரில் இருக்கிறான். உளுந்துக் காட்டில் களை எடுத்தும், மிளகாய்ப் பழம் பறித்தும், பருத்தி எடுத்தும் காலந் தள்ளியவள். மூன்று வருஷங்களாகக் கண்ணில் புகை மூட்டம். முதலில் அரிசியில் கல் பொறுக்க முடியவில்லை. பிறகு களைக்கும் பயிருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. அதோடு காட்டு வேலை நின்றது. இப்போது வாசலில் வந்து நிற்பவரைக் குரலைக் கொண்டே அறிகிறாள்.

அவளுடைய நோய்க்குப் பெயர் கண்புரை. கண்ணிலுள்ள வில்லை மங்கிப் போவதே அந்த நோய். மங்கிய வில்லையை எடுத்துவிட்டுச் செயற்கை வில்லையைப் பொருத்தும் சஸ்திர சிகிச்சை, தேர்ந்த வைத்தியரின் கையில் கால் மணி நேரத்திற்குள் முடிந்துவிடுகிறது. அதற்குக் காசு வாங்காத ஆஸ்பத்திரிகள் திருநெல்வேலியிலும் மதுரையிலும் இருக்கின்றன. சர்க்கார் ஆஸ்பத்திரிகளும் இருக்கின்றன. இருந்தும் அவள் போகவில்லை. ஏன்?

அவளுடைய கணக்கைக் கேட்போம். தனியே பஸ் ஏற முடியாது. கூட ஒருவர் வேண்டும். மருமகள் தீப்பெட்டி ஆபீசில் வேலை செய்கிறாள். ஒரு நாள் போகாவிட்டால் ஒரு நாள் கூலி இல்லை. 2021ஆம் ஆண்டில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பிரயாணம் வந்ததென்பது மெய்யே. அது சாதாரண டவுன் பஸ்ஸோடு நின்றுவிடுகிறது. கோவில்பட்டிக்கு அப்பால் திருநெல்வேலிக்கோ மதுரைக்கோ போவதற்கு இருவருக்கும் டிக்கெட் வாங்க வேண்டும். பரிசோதனைக்கு ஒரு முறை, சிகிச்சைக்கு ஒரு முறை, மறுபடி காட்டுவதற்கு ஒரு முறை. வந்த பிறகு சில வாரங்கள் பாரம் தூக்கலாகாது, அடுப்புப் புகையில் நிற்கலாகாது, கண்ணில் தண்ணீர் படலாகாது. அதுவரை இரண்டு ஆடுகளையும் யார் பார்ப்பது? டாக்டர் வாங்காத பணத்தைப் பஸ் வாங்கிக்கொள்கிறது. பஸ் விட்டு வைத்ததைக் கூலி நஷ்டம் எடுத்துக்கொள்கிறது. "இன்னும் எத்தனை நாளைக்கு? இருக்கிறமட்டும் இப்படியே இருந்துவிட்டுப் போகிறேன்" என்று அவள் சொல்லும்போது, அதை வைராக்கியம் என்றோ அறியாமை என்றோ நாம் எண்ணிக்கொள்கிறோம். அது கணக்குப் போட்டுச் சொன்ன விடை.

கரிசல் பெற்ற மகன்

வைத்தியச் செலவை ஒழிக்க நடந்த அரிய முயற்சி என்று மேலே குறிப்பிட்டோம். அதைச் செய்து காட்டியவர் இதே கரிசல் மண்ணில் பிறந்தவர் என்பதை நம் வாசகர்களில் சிலர் அறியாமலிருக்கலாம். பாரதியார் பிறந்த எட்டயபுரத்தை அடுத்த வடமலாபுரம் என்னும் கிராமத்தில், 1918ஆம் ஆண்டு அக்டோபர் 1ஆம் தேதி, விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர் டாக்டர் கோ. வெங்கடசாமி. காகிதமும் பென்சிலும் இல்லாத நாளில் ஆற்று மணலைப் பரப்பி எழுத்துக் கற்றவர். மதுரை அமெரிக்கன் கல்லூரியிலும் சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியிலும் படித்து, 1944இல் வைத்தியராகி, ராணுவ வைத்தியப் பகுதியில் சேர்ந்தார். பிரசவ வைத்தியராக வேண்டுமென்பதே அவருடைய விருப்பம். ஆனால் கொடிய மூட்டுவாத நோய் அவரைப் படுக்கையில் தள்ளிக் கைவிரல்களையும் கோணச் செய்துவிட்டது. அந்தக் கோணிய விரல்களைக் கொண்டே கத்தி பிடிக்கப் பழகிக் கண் வைத்தியரானார். 1956இல் மதுரை சர்க்கார் மருத்துவக் கல்லூரியின் கண் பகுதித் தலைவரானார். கிராமந்தோறும் கண் முகாம்கள் நடத்தினார்.

1976இல் ஐம்பத்தெட்டாம் வயதில் சர்க்கார் உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றார். நம்மில் பலர் ஈஸி சேரில் சாயும் பருவம் அது. அவரோ வீட்டை அடமானம் வைத்து, தம் உடன்பிறந்தாரைத் துணைக் கொண்டு, மதுரையில் 11 படுக்கைகளுடன் அரவிந்த் கண் ஆஸ்பத்திரியைத் தொடங்கினார். தேசிய இயக்கத்தில் முன்னின்று பின்னர் யோகியான ஸ்ரீ அரவிந்தரின் பெயர் அது. 1988இல் திருநெல்வேலியிலும் அந்த ஆஸ்பத்திரி எழுந்தது. 2006இல் டாக்டர் வெங்கடசாமி காலமானார். ஸ்தாபனம் வளர்ந்துகொண்டே வந்திருக்கிறது. உலகிலேயே மிக அதிகமான கண் சஸ்திர சிகிச்சைகள் நடைபெறும் இடங்களுள் ஒன்று என்று அது பெயர் பெற்றிருக்கிறது.

அதன் பொருளாதாரம் அரசியல் ஊழியர்கள் ஊன்றிப் படிக்கத் தக்கது. கொடுக்கக் கூடியவர் பணம் கொடுக்கிறார்; கொடுக்க முடியாதவர் கொடுப்பதில்லை. இருவருக்கும் கத்தி பிடிப்பவர் அதே வைத்தியர். பணம் கொடுப்பவர் வாங்குவது தனி அறையையும் வசதியையுந்தான். சிறந்த சிகிச்சையை அன்று. அந்த வரவிலிருந்து ஏழையின் செலவு ஈடு செய்யப்படுகிறது. கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் படித்து முடித்த பெண்களைச் சேர்த்து இரண்டு வருஷம் பயிற்சி கொடுத்து, பரிசோதனை, தயாரிப்பு, பராமரிப்பு ஆகிய வேலைகளை அவர்களிடம் ஒப்படைக்கிறார்கள். வைத்தியருக்குச் சஸ்திரம் செய்வது ஒன்றே வேலை. ஒரு மேஜையில் சிகிச்சை முடியும்போது அடுத்த மேஜையில் நோயாளி தயாராக இருக்கிறார். அமெரிக்காவின் மக்டொனால்டு சிற்றுண்டிக் கடைகள் ஊருக்கு ஊர் ஒரே தரத்தில், மலிவாக, ஏராளமாகக் கொடுப்பதைக் கண்டு, கண் வைத்தியத்தையும் அவ்வாறு ஏன் கொடுக்கக் கூடாது என்று டாக்டர் வெங்கடசாமி கேட்டாராம். அந்நியர் வியாபாரத்திலிருந்து வியாபாரத்தை விட்டுவிட்டு முறையை மட்டும் எடுத்துக்கொண்ட இந்தச் சாமர்த்தியம் மெச்சத் தக்கது.

வில்லையின் கதையையும் சொல்ல வேண்டும். முன்னெல்லாம் புரையை எடுத்துவிட்டு, சோடாப் புட்டியின் அடிபோன்ற தடித்த கண்ணாடியைக் கொடுத்து அனுப்பினார்கள். அது உடைந்தால் கிழவர் மறுபடியும் குருடர். கண்ணுக்குள்ளேயே வைக்கும் வில்லை வந்தபோது, வெளிநாட்டிலிருந்து வாங்குவதற்கு ஒன்றுக்கு நூறு டாலர் அளவில் விலை. ஏழைக்கு இது எட்டாது, அவனுக்குத் தடித்த கண்ணாடியே போதும் என்று பேசியவர்கள் உண்டு. 1992இல் அரோலாப் என்னும் தொழிற்சாலையை மதுரையில் நிறுவி அந்த வில்லையை இங்கேயே செய்யத் தொடங்கினார்கள். விலை பத்து டாலர் அளவுக்கு இறங்கி, மேலும் குறைந்தது; பல நாடுகளுக்கு ஏற்றுமதியும் ஆகிறது. சுதேசியம் என்பது கொடியிலும் கோஷத்திலும் மட்டும் இருப்பதன்று என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை. ஒட்டப்பிடாரத்தில் பிறந்த வ.உ.சி. கப்பல் விட்ட சீமைக்கு இது பொருத்தமான தொடர்ச்சியே.

வராதவர்களின் கணக்கு

இவ்வளவு செய்த பிறகும் மூதாட்டி ஏன் திண்ணையில் இருக்கிறாள்? இந்தக் கேள்வியை முதலில் கேட்டவர்களும் அந்த ஆஸ்பத்திரியைச் சேர்ந்தவர்களே. அதற்காக அவர்களைப் பாராட்ட வேண்டும். தாங்கள் சிகிச்சை செய்தவர்களின் தொகையைச் சொல்லிப் பெருமை கொள்வதோடு நில்லாமல், வராதவர்கள் எத்தனை பேர் என்று எண்ணத் துணிந்தார்கள். அவர்களும் பிற தேசத்து ஆராய்ச்சியாளர்களும் சேர்ந்து தமிழ்நாட்டுக் கிராமங்களில் நடத்தி 1999இல் வெளியிட்ட ஆராய்ச்சி ஒன்று, கண் முகாம் நடந்த ஊர்களில் கண் கோளாறுள்ள வயது வந்தோரில் நூற்றுக்கு ஏழு பேர் அளவிலேயே முகாமுக்கு வந்தார்கள் என்று கண்டது. நூற்றுக்குத் தொண்ணூற்று மூவர் தங்கள் ஊருக்கே வந்த இலவசத்தை எட்டிப் பார்க்கவில்லை! பயம், பிரயாணச் செலவு, கூலி நஷ்டம், கூட வர ஆளில்லாமை, வீட்டுப் பொறுப்பு என்பவையே இந்நாட்டு ஆராய்ச்சிகளில் மீண்டும் மீண்டும் வரும் காரணங்கள். பெண்களுக்கு இவை இன்னும் அதிகம். குருட்டுத்தன்மையும் பெண்களிடையே அதிகமாக இருப்பதில் ஆச்சரியமில்லை.

இந்தப் பாடத்தைக் கற்று, 2004 முதல் சிற்றூர்களுக்கு அருகிலேயே நிரந்தரமான பார்வை மையங்களை அரவிந்த் அமைக்கத் தொடங்கியது. பயிற்சி பெற்ற பெண் ஊழியர் கண்ணைப் பரிசோதிப்பார். தூரத்து ஆஸ்பத்திரியிலுள்ள வைத்தியர் திரையின் மூலம் பார்த்து முடிவு சொல்லுவார். இன்று இத்தகைய மையங்கள் நூற்றுக்கு மேற்பட்டிருக்கின்றன. வருஷத்தில் ஒரு நாள் வந்து போகும் முகாமை விட, எந்த நாளும் திறந்திருக்கும் சிறு கதவு மேலானது என்பதே இதன் சாரம்.

தேசம் முழுவதற்கும் இது பொருந்தும். குருட்டுத்தன்மை ஒழிப்புக்கான தேசியத் திட்டம் 1976இல் தொடங்கியது. அப்போது ஜனத்தொகையில் நூற்றுக்கு 1.4 என்றிருந்த குருட்டுத்தன்மை, 2015 முதல் 2019 வரை எடுத்த கணக்கில் 0.36ஆகக் குறைந்திருந்தது. பெரிய சாதனை, சந்தேகமில்லை. ஆனால் அதே கணக்கில், ஐம்பது வயதைக் கடந்தவர்களின் குருட்டுத்தன்மையில் மூன்றில் இரண்டு பங்குக்குக் காரணம் சிகிச்சை செய்துகொள்ளாத கண்புரைதான். மருந்தில்லாத நோயன்று, கால் மணி நேரத்தில் தீரும் நோய்!

பயம் அறியாமை அன்று

"ஜனங்களுக்கு வீண் பயம்" என்று படித்தவர்கள் சொல்லுவது எளிது. வக்கீல் தொழிலைச் சேர்ந்தவர் என்ற முறையில் நாம் ஒரு வழக்கை நினைவூட்டுகிறோம். 1986இல் ஐக்கிய மாகாணம் என்று முன்பு அழைக்கப்பட்ட உத்தரப் பிரதேசத்தில், குர்ஜா என்னும் ஊரில் ஓர் இலவசக் கண் முகாம் நடந்தது. அங்கே கண்புரை சிகிச்சை பெற்ற 88 பேரில் 84 பேருக்குச் சிகிச்சை செய்த கண் மீட்க முடியாதபடி கெட்டுப்போயிற்று. உபயோகித்த உப்பு நீரில் கிருமி கலந்திருந்ததே காரணமென்று கருதப்பட்டது. வழக்கு சுப்ரீம் கோர்ட்டு வரை சென்று, 1989இல் தீர்ப்பாயிற்று. இலவசமாகக் கொடுப்பதனால் தரத்தில் குறை வைக்கும் உரிமை யாருக்கும் உண்டாகாது என்பதே அதிலிருந்து நாம் கொள்ள வேண்டிய பாடம். இத்தகைய செய்திகள் காட்டுத் தீப்போல ஊர் ஊராகப் பரவுகின்றன. ஒரு கண் போனதாகக் கேள்விப்பட்டவள், இருக்கும் மங்கல் பார்வையைப் பணயம் வைக்கத் தயங்கினால் அவளைப் பழிப்பது நியாயமன்று. பள்ளிக்கூடத்துக் கட்டடத்தில் மேஜை போட்டுக் கண்ணைக் கீறும் காலம் போய், முகாமில் பரிசோதனை மட்டும் செய்து, சிகிச்சைக்கு ஆஸ்பத்திரிக்கே அழைத்துச் செல்லும் முறை நிலைபெற்றிருக்கிறது என்பதை அவளுக்கு யார் போய்ச் சொன்னார்கள்?

இன்னும் இரண்டு பழைய எண்ணங்கள் தடையாக நிற்கின்றன. புரை நன்றாகப் பழுத்த பிறகே எடுக்க வேண்டும் என்பது ஒன்று. அக்காலத்து வைத்தியர்களே சொன்னதுதான் அது. இக்காலத்துச் சிகிச்சைக்கு அந்தக் காத்திருப்பு வேண்டியதில்லை. மிகப் பழுக்க விட்டால் கண்ணில் அழுத்தம் ஏறி, பிறகு எடுத்தும் பயனில்லாமற் போவதுண்டு. வெயிற்காலத்தில் கண்ணைத் தொடலாகாது என்பது மற்றொன்று. கரிசல் விவசாயிக்கு ஐப்பசியில் விதைப்பும் களையும், தை மாசியில் அறுவடையும் பருத்தியும். ஓய்வு கிடைப்பது கோடையில்தான். அந்தக் கோடையையும் ஆகாதென்று தள்ளினால் அவனுக்கு எந்த மாதமும் மிஞ்சாது.

தீப்பெட்டி ஆபீசில் வெள்ளெழுத்து

புரை ஒன்றைப் பற்றியே பேசிவிட்டோம். அதைவிட எளிய குறை வெள்ளெழுத்து. நாற்பது வயதுக்கு மேல் கிட்டத்துப் பொருள் மங்குவது எல்லோருக்கும் வரும். படித்தவர் மூக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு பத்திரிகை வாசிக்கிறார். கோவில்பட்டி வட்டாரத்தில் கட்டை அடுக்கியும் பெட்டி ஒட்டியும் பிழைக்கும் பெண்களுக்கு அது வந்தால், வேலை மெதுவாகிறது. வேலைக்குத் தக்க கூலியாதலால் கூலியும் குறைகிறது. தனக்கு வயதாகிவிட்டது, கை ஓடவில்லை என்று அவள் நினைத்துக்கொள்கிறாள். கை நன்றாகத்தான் இருக்கிறது. கண்ணுக்குத்தான் கண்ணாடி இல்லை.

அஸ்ஸாமில் நாற்பது வயதைக் கடந்த தேயிலைத் தொழிலாளர்களுக்குக் கிட்டப்பார்வைக் கண்ணாடி கொடுத்துப் பார்த்தார்கள். 2018இல் வெளிவந்த அந்த ஆராய்ச்சியில், கண்ணாடி பெற்றவர்களின் கொழுந்து பறிப்பு, பெறாதவர்களை விட நூற்றுக்கு ஏறக்குறைய 22 பங்கு அதிகமாக உயர்ந்தது. ஒரு மூக்குக் கண்ணாடி இவ்வளவு செய்யும் என்றால், அதை ஆபீஸ் வாசலில் வைத்துக் கொடுப்பது முதலாளிக்குத் தர்மமன்று, லாபம். பள்ளிப் பிள்ளைகளுக்குக் கண்ணாடி கொடுக்கச் சர்க்கார் 2009இல் திட்டம் வகுத்தது. பிள்ளையைப் படிக்க வைக்க உழைக்கும் தாயின் கண்ணை யார் பார்ப்பது?

செய்ய வேண்டுவன

நாம் பெரிய கட்டடங்களைக் கேட்கவில்லை. வைத்தியர்களும் ஆஸ்பத்திரிகளும் இருக்கின்றன. அவற்றுக்கும் திண்ணைக்கும் இடையிலுள்ள வழியைச் சீர்ப்படுத்த வேண்டும் என்றே கேட்கிறோம்.

முதலாவது, இவ்வட்டாரத்து ஆரம்ப சுகாதார நிலையங்களில் வாரத்தில் குறிப்பிட்ட ஒரு நாள், சந்தை நாளைப்போல் எல்லோரும் அறியும்படி, கண் பரிசோதனை தவறாமல் நடக்க வேண்டும். வெள்ளெழுத்துக் கண்ணாடி அங்கேயே, அப்போதே கிடைக்க வேண்டும். சர்க்கரை வியாதிக்கு மாத்திரை வாங்க வருபவரின் விழித்திரையையும் அன்றே பார்க்க வேண்டும். சர்க்கரையினாலும் கண்ணின் நீர் அழுத்தத்தினாலும் போன பார்வை, புரையினால் போன பார்வையைப் போலத் திரும்பி வருவதில்லை.

இரண்டாவது, கண் சிகிச்சைக்குச் சர்க்கார் ஆஸ்பத்திரிகளுக்கும் தர்ம ஸ்தாபனங்களுக்கும் கொடுக்கும் மானியத்தில், நோயாளிக்குத் துணையாக வருபவரின் பஸ் செலவும் கூலி நஷ்டமும் சேர வேண்டும். கத்திக்கும் வில்லைக்கும் பணம் கொடுத்துவிட்டுத் துணையாளின் கூலிக்குக் கொடுக்க மறுப்பது, கிணறு வெட்டிக் கொடுத்துவிட்டுக் கயிற்றுக்குக் காசு கேட்பது போன்றது.

மூன்றாவது, ஒவ்வொரு பஞ்சாயத்தும் கிராம சபையில் ஒரு கணக்கைப் படிக்க வேண்டும். எத்தனை பேருக்குச் சிகிச்சை ஆயிற்று என்ற கணக்கு நமக்கு வேண்டாம். அதைச் சொல்ல ஆட்கள் இருக்கிறார்கள். இந்த ஊரில் கண் தெரியாமல் இன்னும் எத்தனை பேர் வீட்டில் இருக்கிறார்கள், ஏன் இருக்கிறார்கள் என்ற கணக்கே வேண்டும்.

இந்தக் கணக்கை எடுக்க யார் வருவார்கள் என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நமது வாசகர்களில் பெரும்பாலோர் ஏதேனும் ஒரு கட்சியிலோ சங்கத்திலோ உழைப்பவர்கள். எந்தத் தெருவில் எத்தனை வோட்டு, எந்த வீட்டில் எந்தக் கிழவி இருக்கிறாள் என்பது அவர்களுக்கு மனப்பாடம். தேர்தல் நாளில் நாம் மேலே சொன்ன மூதாட்டியைத் திண்ணையிலிருந்து எழுப்பிச் சாவடியில் கொண்டுபோய் விடுகிறார்கள். கண் தெரியாத வோட்டருக்குத் துணையாக ஒருவர் உள்ளே போகலாம் என்ற விதி அவர்களுக்கு நன்றாகத் தெரியும். அபேட்சகர் செலவில் வோட்டர்களை வண்டியில் ஏற்றிச் செல்வதைச் சட்டம் முறைகேடென்று கூறுகிறது; இருந்தும் வண்டி வந்துவிடுகிறது; துணையும் கிடைக்கிறது; அன்றைய ஆகாரத்திற்கும் குறைவில்லை.

கண் ஆஸ்பத்திரிக்கு வண்டி விடுவதைத் தடுக்கும் சட்டம் எதுவும் இந்நாட்டில் இல்லை. பசுவந்தனைப் பக்கத்து ஊழியர்கள் அடுத்த தேர்தலுக்குக் காத்திராமல் அந்த வண்டியை இந்த மாதமே புறப்படச் செய்வார்களாக. அடுத்த முறை அவள் வோட்டுப் போட வரும்போது, யாருக்குப் போடுகிறோம் என்பதைத் தன் கண்ணாலேயே பார்த்துப் போடட்டும். அதற்குப் பயப்படாத கட்சி எதுவோ அதுவே ஜனங்களின் கட்சி என்று நாம் ஒப்புக்கொள்வோம்.